விக்காவா, வெறும் மாந்திரீகமா, நம்மூர் முனியா: மலையகத்தில் தொடங்க நினைப்போருக்கு ஓர் ஒப்பீடு

“அக்கா, எனக்கு விக்கா பிடித்திருக்கிறது. குழு தேட வேண்டுமா, தனியாகவே தொடங்கலாமா, சீட்டும் மூலிகையும் மட்டும் போதுமா? அம்மாவுக்குத் தெரிந்தால் நேராகக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப் போய்விடுவார்.”

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து இளம் வாசகர்கள், விக்கா எனும் நவீன மேல்நாட்டுச் சூனிய மதம் பற்றிய இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். மேல்நாட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றி நிலவைப் பார்த்து நிற்கும் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்தவர்கள். அந்தக் காணொளிகளில் பெண்ணுக்குத் தனி அறை இருக்கிறது. அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத தோட்டம் இருக்கிறது. நம்மில் பலருக்கு வாய்த்ததோ அண்டை வீட்டு இருமல் கேட்கும் லயத்துக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை, தெய்வ நம்பிக்கையைவிட இந்தத் தாழ்ப்பாள்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். அதனால் ஒப்பீட்டில் அதற்கே முதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

## விக்கா எங்கிருந்து வந்தது

விக்கா பழங்கால மதம் அல்ல. கற்காலத்திலிருந்து மறைவாகத் தொடர்ந்து வந்த வழிபாடு என்று தொடக்க காலத்தில் சொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான மதம் அது. ஜெரால்ட் காட்னர் என்பவர் 1939இல் தாம் ஒரு சூனியக்காரர் குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்டதாகச் சொன்னார். சூனியத்துக்கு எதிரான 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் அதைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அவருடைய குழுவில் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டி சடங்கு உரைகளில் பெரும்பகுதியைச் செப்பனிட்டு எழுதினார்.

இந்தக் காட்னர் நம் மலைகளில் நடந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1900இல், பதினாறு வயதில், ஆஸ்துமாக்காரப் பையனாக இலங்கைக்கு வந்து மஸ்கெலியாத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழில் பழகினார். நம் வழக்கில் சொன்னால் சின்னத்துரைக்கும் கீழே ஒரு படி. பிறகு ஹோட்டன் சமவெளிக்குக் கீழே நொன்பரெயில் தோட்டத்தில் வேலை பார்த்தார். தேயிலை வேலை அவருக்குச் சலித்தது, காடு பிடித்தது. பின்னாளில் போர்னியோ, மலாயா என்று சுற்றி, சுங்க அதிகாரியாக ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகே விக்கா பிறந்தது. கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டிமார் அவரை எதிரே பார்த்து ஒதுங்கி நின்றிருக்கவும் கூடும். ஆனால் பின்னர் அவர் பரப்பிய மதத்தின் பருவங்கள் முழுக்க இங்கிலாந்துப் பருவங்கள். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

கொள்கை சுருக்கமானது. ஒரு தேவி, அவளுக்கு இணையாகக் கொம்புள்ள ஒரு தேவன். யாருக்கும் தீங்கு இல்லாதவரை உன் விருப்பப்படி செய் என்ற நெறி. அனுப்பியது மும்மடங்காகத் திரும்பும் என்ற நம்பிக்கை. ஆண்டுக்கு எட்டு விழாக்கள், அவற்றுடன் முழுநிலவு இரவுக் கூடுகைகள். சாத்தான் இல்லை, உயிர்ப்பலி இல்லை, செய்வினை வைப்பது நெறிக்கு எதிரானது. நவீன மாந்திரீகம் இதைவிட அகலமானது: தெய்வமே இல்லாமலும், வேறு மதத்தில் இருந்துகொண்டும் மெழுகுவர்த்தி, மூலிகை, சீட்டு, நிலவு என்று செய்பவர்கள் அதில் அடங்குவார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது தாழ்ப்பாள். ஒரு மணி நேரம் யாரும் கதவைத் தட்டாத இடம் உங்களுக்கு இருக்கிறதா?

இரண்டாவது, நீங்கள் தேடுவது என்ன? வழிபடத் தெய்வமா, மனம் அடங்க ஒரு பழக்கமா, கூடிப் பழக மனிதர்களா, அல்லது ஒரு பிரச்சினைக்குத் தீர்வா? இந்த நான்குக்கும் ஒரே விடை கிடையாது.

மூன்றாவது ஊர்ப்பேச்சு. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்காதீர்கள். தோட்டத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, அதே வாரத்தில் நீங்கள் இரவில் மெழுகுவர்த்தி ஏற்றியதை யாராவது பார்த்திருந்தால், செய்வினைக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொள்ள அதிக நாள் எடுக்காது. ஆண்களுக்கு அது கேலியாக முடியலாம். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வரை போகும்.

நான்காவது, நாட்காட்டியும் திசையும் நம் மலைக்குப் பொருந்துமா என்பது. கடைசியாகப் பணம். பணத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பொருள்களின் விலை உண்மையில் சிறியது என்பதுதான். பெரிய செலவு பொருளில் இல்லை, ‘குரு’க்களிடம் இருக்கிறது.

## வழி 1: குழுவில் சேர்ந்து தீட்சை பெறுவது

காட்னர் மரபும், 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய அலெக்சாண்டிரிய மரபும் இந்த வகை. பதின்மூன்று பேர் வரை உள்ள சிறு குழு, மூன்று படிநிலைத் தீட்சை, முதல் தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் காத்திருக்கும் வழக்கம். சடங்கு நூலைக் கையால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். உண்மையான ஒழுக்கமும், தவறைத் திருத்த மூத்தவர்களும் கிடைப்பது இந்த வழியில்தான். விக்காவை மதமாகவே ஏற்க விரும்புகிறவருக்கு இதன் ஆழம் மற்ற வழிகளில் வராது.

ஆனால் நுவரெலியாவிலோ பதுளையிலோ கதவைத் தட்டிப் போய்ச் சேரக்கூடிய குழு உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். தீட்சையை நேரில்தான் தருவார்கள். ஆகவே இந்த வழி நடைமுறையில் வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போய் அங்கேயே நிலைத்திருப்பவர்களுக்குரியது.

மறைந்திருக்கும் விலைகள் இரண்டு. காட்னர் மரபில் சடங்கை ஆடையின்றிச் செய்யும் வழக்கம் உண்டு. அது அந்த மரபினரின் உள்முறை, அதில் நமக்குத் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். (ஜூன் மாத மஸ்கெலியாவில், திறந்த வெளியில் அப்படி வட்டம் போட்டால் அட்டைகளுக்குத்தான் திருவிழா.) இரண்டாவது, இந்த மரபைப் போலியாகக் காட்டும் ஆட்கள். மரபுக் குழுக்களில் பயிற்சிக்கும் தீட்சைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதும் பொதுவாக இல்லை. கைப்பேசி வழியாகத் தீட்சை தருகிறேன், முதலில் பணம் அனுப்பு என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சடங்குக்காக என்று படம் கேட்டால், யோசிக்காமல் எண்ணைத் தடை செய்யுங்கள்.

## வழி 2: தனி ஆளாக விக்கா

தீட்சை இல்லாமல், தானே தன்னை அர்ப்பணித்துக்கொண்டு தனியாக வழிபடும் முறை. அமெரிக்கரான ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் தனியாகச் செய்பவர்களுக்கென்றே எழுதிய கையேடு வந்த பிறகு இது பெருவழியாகிவிட்டது. மரபுக் குழுவினர் சிலர் இதை விக்கா என்றே ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சண்டையில் ஹட்டன்காரருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மலையகத்தில் விக்காவை மதமாகவே விரும்புகிறவருக்கு நான் சொல்வது இந்த வழிதான். ஆனால் அப்படியே இறக்குமதி செய்தால் ஒட்டாது. மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்: இரண்டில் இடிக்கும், ஒன்றில் கைகொடுக்கும்.

முதல் இடி நாட்காட்டி. எட்டு விழாக்களில் யூல் டிசம்பர் 21 அளவில், இம்போல்க் பெப்ரவரித் தொடக்கத்தில், பெல்டேன் மே முதல் நாளில், லூனசா ஆகஸ்ட் முதல் நாளில், சாவின் அக்டோபர் 31இல். லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஜூனில் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். அந்த இருட்டிலிருந்து மீளும் ஏக்கம்தான் அந்த விழாக்களின் உயிர். நுவரெலியாவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இங்கே காலத்தைப் பிரிப்பது மழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கித் தென்மேல் பருவமழை கொட்டும்போது பதுளைப் பக்கம் காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஆண்டின் முடிவில் வடகீழ் மழை வரும்போது அது தலைகீழாகும். ஒரே மலையகத்துக்குள் இரண்டு நாட்காட்டி. எனவே எட்டு விழாக்களையும் தேதி மாறாமல் கொண்டாடுவதைவிட, உங்கள் சரிவில் மழை தொடங்கும் நாள், கவ்வாத்து முடிந்த செடியில் புதுத் துளிர் வரும் நாள், தை மாத உறைபனி என்று உங்களுக்கான சக்கரத்தை நீங்களே வகுத்துக்கொள்வதுதான் இந்த மதத்தின் உட்கருத்துக்கு நேர்மையானது. பருவத்தைக் கவனி என்பதுதானே அது சொல்வது.

இரண்டாவது இடி திசை. சடங்குக்காகத் தன்னைச் சுற்றி வரையும் விக்கா வட்டத்தில் வடக்கு நிலம், கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர். தெற்கில் மெழுகுவர்த்தி ஏற்றி அந்தப் பக்கம் திரும்பி நிற்பதை உங்கள் அம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? எமனின் திசை நோக்கி விளக்கேற்றக் கூடாது என்று வளர்ந்த வீடு அது. வட்டத்தை வலமாகச் சுற்றுவதில் தகராறு இல்லை. நாமும் கோயிலை வலம்தான் வருகிறோம். தெற்கைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நெருப்பைத் தென்கிழக்கு அக்கினி மூலைக்கு நகர்த்தினால் எந்தத் தேவியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மூன்றாவது இடம் நிலவு. இது நமக்குச் சாதகம். உலகில் விக்காக்காரர்கள் பலர் முழுநிலவுக்கு விடுப்பு எடுக்கப் போராடும்போது, இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்களால் ஊரே பக்தியாக இருக்கும். நீங்கள் அமைதியாக ஒரு விளக்கேற்றி உட்கார்ந்தால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். போயாவில் மது விற்பனை இல்லை என்பதால் சடங்கில் வைனுக்குப் பதில் பிளேன்டி வையுங்கள். அதற்குத் தடை ஏதும் இல்லை. அமாவாசைச் சடங்குகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அமாவாசை இரவில் தனியாக எதையோ செய்யும் பெண்ணைப் பற்றி நம் லயங்களில் ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு.

இடத்தைப் பொறுத்தவரை, வட்டம் வரையப் பயன்படுத்தும், இருபக்கக் கூர் கொண்ட ‘அதாமி’ சடங்குக் கத்தி தேவையில்லை. அது பையில் இருந்து பஸ்ஸில் யாராவது கண்டால் விளக்கம் சொல்லி முடியாது. விரலால் வட்டம் வரையலாம். காட்டுக்குள் போய்ச் செய்யலாமே என்பவர்களுக்கு: ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே தீ மூட்டுவதும் செடி பறிப்பதும் குற்றம். தோட்டத்து ஓரக் காடுகளில் சிறுத்தையும் உண்டு, காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பிக் கண்ணியும் உண்டு. வறட்சிக் காலத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஒரு மலையையே எரித்துவிடும்.

## வழி 3: மதமில்லாத மாந்திரீகம்

தெய்வம் வேண்டாம், டேரோ எனும் குறி பார்க்கும் படச் சீட்டும் மூலிகையும் நாட்குறிப்பும் போதும் என்பவர்கள் இங்கே வரலாம். மிகக் குறைந்த மறைவிடம் போதும். எழுபத்தெட்டுச் சீட்டுகள் கைப்பையில் அடங்கும். பலரும் பயன்படுத்தும் சீட்டுத் தொகுதி 1909இல் வெளிவந்தது, படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். டேரோ இத்தாலியில் தொடங்கியபோது வெறும் விளையாட்டுச் சீட்டுதான். எதிர்காலம் சொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு படத்தைப் பார்த்துத் தன் மனத்தில் இருப்பதைத் தானே எழுதிப் பார்க்கும் பழக்கமாக அது நல்ல பழக்கம். விடுதியில் இருக்கும் மாணவிக்கும், காம்பராவில் ஆறு பேரோடு இருப்பவருக்கும் இதுவே பொருத்தம்.

ஆபத்து மூலிகைப் பக்கம்தான் இருக்கிறது. மேல்நாட்டு மாந்திரீக நூல்களில் ஊமத்தை இனங்களைப் பற்றி மயக்கும் விதமாக எழுதியிருக்கும். நுவரெலியா வேலியோரங்களில் எக்காளம் போலத் தொங்கும் வெள்ளைப் பூச் செடியும் அந்த உறவுதான். தின்றாலும் கொதிக்கவைத்துக் குடித்தாலும் புத்தி பேதலிக்கும், உயிரும் போகலாம். தேயிலை மலையோரத்தில் பறித்த எந்தச் செடியும் களைக்கொல்லி பட்டிருக்கக் கூடும். அதைக் குடிக்கவும் வேண்டாம், எரித்துப் புகைக்கவும் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வரும் வெள்ளைச் சேஜ் கட்டுக்காகப் பணம் செலவழிப்பது வீண். சாம்பிராணி வீட்டிலேயே இருக்கிறது. அதன் வாசனைக்கு யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஏற்கெனவே விறகுப் புகை நிறைந்த காம்பராவில் கதவை அடைத்துக்கொண்டு கரி எரிக்காதீர்கள்.

இன்னொரு விலையும் உண்டு. சீட்டு பார்க்கத் தெரியும் என்று ஒருவருக்குச் சொன்னால் மறுநாள் மூன்று பேர் வருவார்கள். கணவன் வெளிநாட்டில் வேறு கல்யாணம் செய்துவிட்டானா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை சீட்டுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

## வழி 4: மாரியம்மனும் முனியும் காமனும்

இதை ஒரு தெரிவாக யாரும் கேட்பதில்லை, நான்தான் சேர்க்கிறேன். விக்காவில் ஈர்க்கப்படுகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேளுங்கள்: பெண் தெய்வம், இயற்கை, பருவம், இறந்து மீளும் தேவன், தெய்வம் நேரில் இறங்குவது. இவை அத்தனையும், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துக்கு அப்பால் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, காமன் பொட்டலில் ரதியும் மன்மதனும் ஆடி, பௌர்ணமியளவில் காமனை எரித்து, அவன் உயிர் பெறுவதைக் கொண்டாடும் கூத்தை வேறெங்கே பார்க்க முடியும்? தேயிலை ஸ்டோர் இயந்திரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச்சாமி என்று, தான் செய்த வேலைக்கே தெய்வம் கண்டவர்கள் நம் முன்னோர்.

ஆனால் விலை மலிவு என்று நினைக்க வேண்டாம். விக்காவில் தனி ஆள் வழிபடலாம், இங்கே முடியாது. முனியாண்டிக்கு நேர்த்தி வைத்தால் அது லயமே அறிந்த கடன். திருவிழாவுக்குத் தலைவரி உண்டு. கிடாய் வெட்டு உண்டு; உயிர்ப்பலி ஒப்பாதவருக்கு அந்த இடத்தில் நிற்பதே கடினம். பூசாரி, கோடாங்கி, கூத்து ஆடுபவர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். மாதவிலக்கு நாட்களில் பெண் விலகி நிற்க வேண்டும். பெண்ணே குருவாக நிற்கும் மதத்தைத் தேடி விக்காவுக்குப் போகும் பெண்ணிடம், உன் ஊர்த் தெய்வம் போதாதா என்று கேட்பது பாதி நியாயம்தான்.

இரண்டையும் கலக்கலாமா என்று கேட்பார்கள். பருவத்தைக் கலக்கலாம் என்றேன். தெய்வத்தைக் கலக்கச் சொல்லமாட்டேன். மேல்நாட்டுப் பட்டியல்களில் காளி ஒரு ‘ஆற்றல்’ ஆக வரிசையில் நிற்கிறாள். கோயிலில் அவளுக்கு முறை, காப்பு, கடன் எல்லாம் உண்டு. அழைத்துவிட்டு அனுப்பிவைக்கும் வட்டத்துக்குள் அவளைக் கொண்டுவந்தால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை கெடும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குழு | தனி விக்கா | மதமில்லா மாந்திரீகம் | ஊர் மரபு |
|---|---|---|---|---|
| தாழ்ப்பாள் | குழுவின் இடம் | கட்டாயம் வேண்டும் | இல்லாமலும் முடியும் | தேவையே இல்லை |
| கிடைப்பது | ஒழுக்கம், மூத்தோர் | வழிபாடு, சுதந்திரம் | மன அமைதி, பழக்கம் | கூட்டம், சொந்தம் |
| ஊர்ப்பேச்சு | தொலைவில் இருப்பதால் குறைவு | வெளியே தெரிந்தால் அதிகம் | நடுத்தரம் | பேச்சில்லை |
| மறை விலை | போலிக் குருக்கள், பயணம் | தனிமை | நச்சுச் செடி, குறி கேட்டு வருவோர் | நேர்த்தி, வரி, பெண்களுக்கான தடைகள் |
| பொருத்தம் | வெளிநாட்டில் நிலைத்தவர் | தனி அறை உள்ளவர் | விடுதி, லயம் | உறவுக்குள் இருக்க விரும்புபவர் |

## இன்னும் சிலர்

பதினெட்டு வயது ஆகாதவர்கள் வாசிப்பதோடு நிறுத்துங்கள். மதம் எங்கும் ஓடிவிடாது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று விக்காவை மதம் என்று ஏற்றது 1986இல். அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பத்தவர்களுக்கு, குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்களுக்கு, ஊர்ப்பேச்சைவிட வீட்டுக்குள் உடையும் உறவே பெரிய விலை. மூன்றாம் வழிச் சீட்டுகூட அங்கே பாவமாகப் பார்க்கப்படும். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. ஆனால் அந்த உறுப்புரையால் இரவுச் சாப்பாட்டு நேரத்து மௌனத்தைக் கலைக்க முடியாது. சொந்த வருமானமும் தங்க வேறிடமும் வரும்வரை காத்திருப்பது நல்லது.

வேலை கிடைக்க, போனவனைத் திரும்ப வரவழைக்க, வைத்த செய்வினையை எடுக்க என்று வருகிறவர்களுக்கு நான்கு வழிகளில் எதையும் நான் சொல்லமாட்டேன். மெழுகுவர்த்தி விசா வாங்கித் தராது; கழிப்புக் கழிக்கக் கேட்கும் பணத்துக்கும் எல்லை கிடையாது. இரவெல்லாம் தூக்கம் இல்லை, யாரோ காதில் பேசுவது கேட்கிறது, யாரோ ஏவிவிட்டதாகத் தோன்றுகிறது என்றால் விக்கா நூலையும் கோடாங்கியையும் இரண்டையும் விட்டுவிட்டு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள். போக முடியாத இரவானால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926.